லேசரா, ஊசியா

ஜனவரி 4, சனி

லூர்தம்மாள் இன்றும் ‘அதான்’ என்ற ஒரே சொல்லோடு திரும்பிப் போனார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அதான். மகள் பேர் என்ன என்று கேட்டால் அதான். கோபம் வந்தால் அதான், அதான் என்று இரண்டு தடவை. பாளையங்கோட்டைத் தெருக்களில் மீன் கூவி விற்ற தொண்டை அது. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. நினைத்த சொல்லை உதட்டுக்குக் கொண்டுவரும் வழிதான் அறுந்து கிடக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரின் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச்சு திரும்பும். உதடு எங்கே சேர்கிறது, எப்படிப் பிரிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். என்னிடம் பேச்சுப் பயிற்சி படிக்க வரும் மாணவிகளுக்கு இதை நானே பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

மகள் ஷைனி ஒரு ஓரமாக நின்று கேட்டாள். “மேடம், நீங்க மாஸ்க்கக் கழட்டிட்டுச் சொன்னா அம்மா பாத்துச் சொல்லுவாங்கல்லா?”

“ஆஸ்பத்திரில்லா ஷைனி. அம்மாவுக்கு ஏதாவது தொத்திரக் கூடாது பாரு.”

கொரோனா போய் எவ்வளவோ காலம் ஆகிறது. இந்த ஆஸ்பத்திரியில் இப்போது மாஸ்க் போடுவது ஆபரேஷன் தியேட்டர்காரர்களும் நானும்தான்.

வரும் வழியில் கொத்தமல்லியும் தோசை மாவும் ரேசரும் வாங்கினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

புது ரேசர். தாடைக்கு அடியில் கிழித்துவிட்டது. பிளாஸ்திரி மாஸ்க்குக்குள் அடங்கிவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து அவர் பேசினார். செப்டம்பரில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறாராம்.

“இனிமே லீவு, டிக்கெட்டுங்கிற பேச்சே கிடையாது வடிவு. உன் கையால சாப்ட்டுக்கிட்டு அங்கனயே கிடக்கப் போறேன்.”

“சந்தோஷங்க.”

“வீடியோல வாயேன். மூஞ்சியப் பாத்து நாளாச்சு.”

“நெட்டு சரியில்லங்க.”

“அங்க எப்பத்தான் நெட்டு சரியா இருந்துச்சு?”

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜை நகர்த்திப் பின்னால் துடைத்தேன். எல்லாத் திரைச்சீலைகளையும் ஊறப்போட்டேன். குழாயில் படிந்திருந்த உப்பைக் கத்தியால் சுரண்டினேன். கை வலிக்கிறது.

ஜனவரி 18, சனி

எழுதிப் பார்த்துவிடுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குத் தாடையிலும் கழுத்திலும் முடி முளைக்கிறது. பூனைமுடி இல்லை, ஆண்களுக்கு வருவது போலத் தடித்த முடி. முதலில் பிடுங்கினேன். பிறகு பியூட்டி பார்லரில் நூல் போட்டேன். அங்கே ஒருத்தி, “அக்கா, இது பார்லர் வேலை இல்ல, சலூன் வேலை” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்ன பிறகு போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க வீட்டுல இதப் பத்தி மூச்சு விட்டுராத” என்றாள். விடவில்லை.

அவர் வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அந்த மாதம் முழுக்க விடியுமுன் எழுந்து, குளியலறைக் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஷேவ் செய்து, குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வருவேன். தென்காசியிலிருக்கும் அத்தைக்கு அதில் பெருமை. “என் மருமவ கோழி கூவுமுன்ன குளிச்சு விளக்கேத்திருவா” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஒரு மாதத்தைச் சமாளித்துவிடலாம். வாழ்நாள் முழுவதும் அப்படிச் சமாளிக்க முடியாது. செப்டம்பருக்குள் இதை முடித்துவிட வேண்டும். முடிப்பேன்.

ஜனவரி 25, சனி

வண்ணார்பேட்டையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயது. சுற்றி வளைக்காமல் பேசுகிறார். விளக்கை இழுத்து என் தாடையில் வைத்துத் தடவிப் பார்த்தார். பார்லரை விட்ட பிறகு வேறொரு கை அங்கே பட்டது இதுதான் முதல் தடவை.

மாதவிலக்கு ஒழுங்கா வருதா என்று கேட்டார். சொன்னேன். குழந்தைகள்? கணவர் மஸ்கட்டில் என்றேன். இது கணவருக்குத் தெரியுமா? அதற்கும் மஸ்கட் என்றே சொன்னேன்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார்.

“லேசர் முடியில உள்ள கறுப்பத்தான் தேடும். அந்தக் கறுப்புல சூடு ஏறி வேர் சுடும். உங்களுக்குத் தடிச்ச கறுப்பு முடி, அதுக்கு நல்லா கேக்கும். ஆனா அங்கங்க நரைச்சிருக்கு பாருங்க, அது லேசருக்குத் தெரியாது. இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பொம்பளைங்க சிலருக்கு முகத்துல லேசர் பண்ணா, சுத்தி இருக்கற பூனைமுடி தடிச்சுப் போறதும் உண்டு. எல்லாருக்கும் இல்ல.”

“இன்னொரு வழி?”

“எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியா ஊசி விட்டு, லேசாக் கரண்டு குடுத்து வேரச் சாகடிக்கணும். அது கறுப்பு வெள்ளை பாக்காது. செத்த வேர் செத்ததுதான். ஆனா ரொம்ப நாள் ஆகும். இங்க நான் பண்றதில்ல, மதுரைல ஒரு டாக்டர் பண்றாங்க. ஊசி விட முடி வெளிய தெரியணும். அதனால ஒவ்வொரு தடவையும் மூணு நாலு நாள் ஷேவ் பண்ணாம வளத்துட்டுப் போகணும். லேசருக்கு அப்படி இல்ல, ஷேவ் பண்ணிட்டே—”

“லேசர்” என்றேன்.

டாக்டர் சொல்லி முடிக்கவில்லை. என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பிப்ரவரி 8, சனி

முதல் லேசர். கண்ணுக்கு மூடி போட்டுவிட்டார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் சுரீர் என்று படுமே, அப்படி நூறு இடத்தில். கோழியைத் தீயில் வாட்டும் வாசனை வந்தது. வாட்டுவது என்னைத்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சிரிப்பு வந்தது. நர்ஸ், “சிரிக்காதீங்க மேடம், குறி தப்பிரும்” என்றாள்.

பிப்ரவரி 22, சனி

முகம் கழுவும்போது மிளகுத்தூள் போலக் கறுப்பாக உதிர்கிறது! இன்று காலை ஷேவ் செய்யவில்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியை ஆறப்போடாமல் குடித்தேன்.

நரை முடிகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. பிடுங்கக் கூடாதாம். கத்தரித்தேன்.

மார்ச் 15, சனி

காலையில் இரண்டாவது லேசர். மதியம் லூர்தம்மாள். எழுத்துப் பலகை, படம், கண்ணாடி எல்லாம் வைத்துப் பார்த்தேன். ‘ம’ சொல்லுங்கள் என்று மாஸ்க்குக்குள்ளிருந்து நான் சொல்ல, அவர் என் கண்ணையே வெறித்துப் பார்த்தார். கண்ணில் என்ன ‘ம’ இருக்கிறது? திடீரென்று இடது கையை நீட்டி என் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். நான் பயந்து பின்னால் நகர்ந்ததில் நாற்காலி சாய்ந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போகும்போது ஷைனி, “கோவிச்சுக்கிடாதீங்க மேடம், போன வாரமும் அம்மா வீட்டுக்குப் போயி அழுதாங்க. இனிமே வரலன்னு கைய ஆட்டுதாங்க. நானும் ஒவ்வொரு வாரமும் கடையில லீவு கேக்கேன், குணம் ஒண்ணும் தெரியல” என்றாள்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ ஷைனி. எனக்காக” என்றேன்.

ஏன் ‘எனக்காக’ என்று சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 22, சனி

லூர்தம்மாள் வரவில்லை.

மார்ச் 29, சனி

வரவில்லை. அந்த நேரத்துக்கு வேறு யாரையும் போட வேண்டாம் என்று ரிசப்ஷனில் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்றாவது லேசர் முடிந்தது. தாடை நுனி நன்றாகவே இருக்கிறது. ஆனால் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில், முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில், நிழல் விழுந்தது போல இருக்கிறது. ஜன்னலருகே நின்று பார்த்தேன். மொட்டை மாடியில் கண்ணாடியோடு நின்று பார்த்தேன். நிழல் இல்லை.

ஏப்ரல் 26, சனி

டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். “நிறுத்திரலாம். நான் சொன்னேன்ல, சிலருக்கு இப்படி ஆகும்னு. நீங்க அந்தச் சிலர்ல ஒருத்தரா இருக்கீங்க.” என்னிடம் மறைக்கவோ மழுப்பவோ இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தந்திருந்த மாத்திரையைத் தொடரச் சொல்லி, மதுரை டாக்டரின் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

“மூணு நாள் வளக்கறதுதான் உங்களுக்குப் பிரச்சினையா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

வெளியே நெருப்பாய் வெயில். தாகம். ஜூஸ் கடையில் எல்லோரும் நின்றார்கள். அங்கே மாஸ்க்கைக் கழற்ற முடியாமல் வீடு வரை தாகத்தோடு வந்தேன்.

மே 1, வியாழன்

விடுமுறை. ஷேவ் பண்ணவில்லை. யாரும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

மே 4, ஞாயிறு

அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுத்தேன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“வடிவு, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். நான் வாரது உனக்குப் பிடிக்கலையா?”

“என்னங்க இப்படிக் கேக்கீங்க?”

“பெறவு எப்படிக் கேக்கச் சொல்லுத? செப்டம்பர்ல வாரேன்னு சொன்ன நாள்லருந்து நீ சரியாவே பேசல. வீடியோல வரமாட்டேங்குத. லீவுக்கு வந்தாலும் பகல்ல பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிருவ. கன்னத்துல கை வச்சா தட்டி விட்டிருவ. நானும் மனுசன்தான வடிவு? எட்டு வருசம் ஆச்சு.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“கம்பெனியில இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு கேக்காங்க. உனக்கு அதுதான் நல்லதுன்னா இருந்துக்கிடுதேன். சண்டையெல்லாம் இல்ல. சொல்லிரு.”

ஒரு நிமிடம், ‘சரி, இருங்க’ என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. இன்னும் இரண்டு வருடம் பூட்டிய கதவு, திறந்துவிட்ட தண்ணீர். அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வாங்க. செப்டம்பர்லயே வந்துருங்க” என்றேன். குரல் சண்டைக்காரி குரல் போல இருந்தது. “எனக்கு நீங்க வரணும்.”

அவர், “சரி வடிவு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

மே 5, திங்கள்

மதுரைக்குப் பேசினேன். டாக்டர் அம்மாவின் குரலிலேயே வயது தெரிந்தது.

“செப்டம்பருக்குள்ள முடிஞ்சிருமா டாக்டர்?”

“முடியாதும்மா. வாராவாரம் வந்தாலே ஒரு வருஷம் ஆகும். லேசர் கிளப்பிவிட்டதும் இருக்குங்கறீங்க, கூடவும் ஆகலாம். முடியும்னு சொல்லிக் கூப்பிட எனக்கு இஷ்டமில்ல.”

“திரும்ப வராதே?”

“வேர் செத்துச்சுன்னா வராது. சாகறவரைக்கும் விடமாட்டேன்.”

ஞாயிறு காலை என்று குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை முதல் ரேசரைத் தொடக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் முகம் மிக மோசமாக இருக்கும். ஷைனிக்குத் துணிக்கடையில் சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும்.

யோசித்துக்கொண்டே இருந்தால் யோசித்துக்கொண்டே இருப்பேன். ஷைனிக்கும் போன் போட்டேன். “இந்தச் சனிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வா. நான் மாஸ்க் போட மாட்டேன்.”

மே 9, வெள்ளி

தடவினால் உப்புக்காகிதம். கண்ணாடியில் என் பெரியப்பா முகம் தெரிகிறது. ரேசரை எடுத்து அடுத்த வீட்டு மாமியின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுத் தொட்டியில் போட்டால் திரும்ப எடுத்துவிடுவேன்.

மே 10, சனி

மாஸ்க் இல்லாமல் வாசலைத் தாண்டினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பிறகு பார்க்காதது போல ஓட்டினார். ரிசப்ஷனில் இருக்கும் பெண், “மேடம்... உடம்புக்கு ஏதாச்சுமா?” என்றாள். “இல்ல. முடி முளைச்சிருக்கு. நாளைக்கு எடுக்கப் போறேன்” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேசையைத் துடைத்தேன்.

லூர்தம்மாளை ஷைனி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். என்னைப் பார்த்ததும் ஷைனி நின்றுவிட்டாள். கண் என் தாடையை விட்டு நகரவில்லை. லூர்தம்மாளும் பார்த்தார். தாடை, கழுத்து, காதோரம் என்று எல்லாவற்றையும் அவசரமில்லாமல், மீன் செவுளைப் பார்ப்பது போல, பார்த்தார். பிறகு இடது கையால் மகளின் முதுகில் ஒரு போடு போட்டார். “அதான்!” என்றார். வெளியே போய் உட்காரு என்று அர்த்தம். ஷைனி போய்விட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தேன்.

“என் வாயப் பாருங்க” என்றேன். இந்தச் சொல்லை யாரிடமும் சொல்லி எவ்வளவு காலம்!

உதட்டைச் சேர்த்தேன். ம். பிரித்தேன். மா. மறுபடி சேர்த்தேன். அவர் கண் என் உதட்டிலேயே நின்றது. முடியில் இல்லை. அவர் உதடு கோணலாக அசைந்தது, சேராமல் நழுவியது, மறுபடி அசைந்தது. ‘அ’ என்று வந்ததும் தலையை உதறி அதை விரட்டினார். நான் என் விரலால் என் உதட்டைச் சேர்த்துக் காட்டினேன். அவர் தன் விரலால் தன் கோணிய உதட்டைப் பிடித்துச் சேர்த்தார்.

“ம்ம்...”

“இன்னொரு தடவ.”

“ம்... மீ...”

நான் ‘மா’ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ‘மீ’ சொன்னார். எனக்குப் புரிவதற்குள் அவரே முடித்துவிட்டார்.

“மீனு.”

கதவுக்கு வெளியே ஷைனி எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. உள்ளே ஓடிவந்தாள். லூர்தம்மாள் அவளைப் பார்த்து மறுபடி, இந்தத் தடவை கூவி விற்கும் குரலில், “மீனு!” என்றார். மூன்று பேரும் அழுதோம். பயிற்சி நேரத்தில் அழக் கூடாது என்பதும் நான் மாணவிகளுக்குச் சொல்லும் பாடம்தான்.

மே 11, ஞாயிறு

மதுரை. மேசையில் படுக்கவைத்து, பூதக்கண்ணாடி விளக்கை முகத்துக்கு மேல் இழுத்தார் டாக்டர். முடியைவிட மெல்லிய ஊசி. அது உள்ளே போவது தெரியவில்லை. போன பிறகுதான் தெரிகிறது: ஒரு கொட்டு, ஒரு சூடு. பிறகு இடுக்கியால் எடுத்தால் முடி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பிடுங்குவது போல இழுபடுவதில்லை. அப்புறம் அடுத்தது. அடுத்தது.

கீழுதட்டுக்கு அடியில் வந்தபோது கண்ணீர் காதுக்குள் ஓடியது.

“நிறுத்தணுமா?”

“வேண்டாம்.”

“வலிச்சா கையத் தூக்குங்க.”

“தூக்க மாட்டேன் டாக்டர். நீங்க செய்யுங்க.”

எழுந்து பார்த்தால் தாடையில் கட்டைவிரல் அகலம்தான் முடிந்திருந்தது. அவ்வளவு நேரத்துக்கு அவ்வளவுதான். சிவந்து வீங்கியிருந்தது. பேருந்தில் வரும்போது கணக்குப் போட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஐந்தாவது தடவை. ஒரு நரை முடி வந்தபோது டாக்டரிடம் காட்டச் சொன்னேன். லேசரை ஏமாற்றியவன். வேரோடு வந்திருந்தான்.

ஜூன் 21, சனி

லூர்தம்மாள்: மீனு, மோரு, பாலு, ‘போ’. கடைசிச் சொல்லை ஷைனியிடம் மட்டும் சொல்கிறார். ரிசப்ஷன் பெண்ணுக்கு இப்போது என் முகம் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்களைப் பார்த்து ‘வாங்க, உக்காருங்க’ என்று நானே முதலில் பேசிவிடுகிறேன். பேசத் தொடங்கினால் அவர்கள் கண் வாய்க்கு வந்துவிடுகிறது.

ஜூலை 19, சனி

இன்று லூர்தம்மாள் என்னிடம் ஒன்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை. என் கழுத்தில் போன வாரத்துப் பொருக்கு காய்ந்திருந்தது. அதை விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்தி, வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி,

“நோவு... நோவுதா?”

“நோவுதுக்கா” என்றேன்.

உச் கொட்டினார். ஒருவரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. கேட்கும்படி நான் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை என்பதும் உண்மைதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிடலாம் என்று போனில் மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அழித்தேன். எழுத்தில் பார்த்தால் நோய் போலவும் இருக்கிறது, வேடிக்கை போலவும் இருக்கிறது.

டிக்கெட் போட்டுவிட்டார். செப்டம்பர் 13, திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதுரை டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, “வீட்டுக்காரர் வர்ற வாரம் வேணா விட்டுரலாம்மா. ஷேவ் பண்ணிக்கோங்க. ஒரு வாரத்துல ஒண்ணும் கெட்டுப்போகாது” என்றார்.

“இல்ல டாக்டர். ஒரு வாரம் விட்டா ஒரு வாரம் தள்ளிப்போகும்லா” என்றேன்.

அந்த ஒரு காரணம்தான். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

நீலப் புடவை கட்டினேன். பூ வைத்தேன். முகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இளைத்திருக்கிறார். அவர் கண் கூட்டத்தில் என்னைத் தேடி, என் மேல் பட்டு, தாண்டிப் போய், திரும்பி வந்தது. சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நின்றது.

“வடிவு... என்ன இது?”

“முடிங்க. எனக்கு இருபது வயசுலருந்து இருக்கு. ரயில்ல சொல்லுதேன், வாங்க.”

ரயிலில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னது, பார்லர், லேசர், ஊசி, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், “அப்ப அந்த விடியக்காலக் குளியலு?” என்றார்.

“ஷேவிங்.”

அவர் உதடு துடித்தது. சிரிப்போ என்று நினைத்தேன். இல்லை.

“இதுக்கா?” என்றார். “இதுக்கா எட்டு வருசம் என்ன தள்ளி வச்ச? நீ என்னக் கண்டாலே அருவருக்கன்னு நெனச்சிட்டு இருந்தேன் வடிவு. அங்க ரூம்ல எல்லாவனும் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துப் பேசுவான். நான் இருட்டுத் திரையப் பாத்துப் பேசுவேன். எனக்கு என்ன கொறன்னு நானா யோசிச்சு யோசிச்சு... முடியாம்! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

பக்கத்துப் பெண்மணி தன் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார். அவர் முடியைப் பார்த்துக் கோபப்படுவார் என்று பயந்து, அதற்கெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இந்தக் கோபத்துக்கு என்னிடம் எதுவும் இல்லை.

“தப்புதாங்க” என்றேன்.

நாகர்கோவிலில் இறங்கி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு வீடு வரை பேசவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இட்லியை மூடி வைத்துவிட்டு மதுரைக்குப் போனேன். வீங்கிய முகத்தோடு திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பழக்கத்தில் இருட்டிலேயே விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். “குளிக்கப் போகலையா?” என்றது குரல். கிண்டலா கோபமா என்று தெரியவில்லை.

“இல்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். விடிந்தும் தூங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பெட்டியைப் பிரித்தார். பேரீச்சம்பழம், தைலம், போர்வை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். “அந்தம்மா எத்தன மணிக்கு வரச் சொல்லுவாங்க?”

“பத்து மணிக்கு.”

“அப்ப ஆறு மணி பஸ்ஸப் பிடிக்கணும்.”

அவ்வளவுதான் பேசினோம். வியாழக்கிழமை, இந்த வாரம் ரேசரைத் தொடாத முதல் நாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு பேர் உட்காரும் சீட்டில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். கயத்தாறு தாண்டும்வரை அவர் மஸ்கட் கதை, நான் லூர்தம்மாள் கதை. நேற்று அந்த அம்மா ஷைனியோடு சண்டையே போட்டார், சொல் கிடைக்காத இடத்தில் கையால் போட்டார் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பகல் வெளிச்சம், ஜன்னல் வெயில் நேராக என் தாடையில் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பிக்கொள்ளவில்லை. கழுத்து விறைத்துப் போய்விட்டது, ஆனாலும் திரும்பவில்லை.

அவர் கையை நீட்டி, கேட்காமல், என் தாடையில் புறங்கையால் தடவினார். காதிலிருந்து கீழே, மெதுவாக.

“குத்துது” என்றார்.

“உங்க மீச எட்டு வருசமா குத்துது. நான் எதாவது சொன்னேனா?”

ஒரு கணம் விழித்தார். பிறகு பேருந்தே அதிரும்படி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, வாயைப் பொத்தக் கை தூக்கி, பொத்தாமல் இறக்கினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.